பையரின் ஊரைப் படியுங்கள்: பனியன் ஏற்றுமதிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

1978ல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் வெள்ளை டீ-ஷர்ட் தேடித் திருப்பூருக்கு வந்தார். மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக வந்த அந்த ஆர்டரிலிருந்துதான் ஊரின் ஏற்றுமதிக் கதையைப் பெரியவர்கள் சொல்லத் தொடங்குவார்கள். 1981ல் ஐரோப்பாவின் துணிக்கடை நிறுவனமான சி அண்ட் ஏ வந்தது. அதுவரை உள்நாட்டுக்கு பனியனும் ஜட்டியும் தைத்துக்கொண்டிருந்த ஊர், அப்புறம் ஐரோப்பா, அமெரிக்கா, வளைகுடா, ஜப்பான் என்று நாலா பக்கமும் பெட்டி அனுப்பத் தொடங்கியது.

நம் சரக்கை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தையும் அதன் ஆட்களையும் பையர் என்போம். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் "பையரின் கலாச்சாரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்" என்று சொன்னால், ஜப்பான்காரருக்கு எவ்வளவு குனிய வேண்டும், அரபு வீட்டில் எந்தக் கையால் காபி வாங்க வேண்டும் என்று வீடியோ பார்க்கப் போய்விடுகிறார்கள். அதையெல்லாம் ஒரே மாலையில் கற்றுக்கொள்ளலாம். தவறினாலும் பையர் சிரித்துவிட்டு விட்டுவிடுவார். பணம் போவது வேறு இடங்களில்: காலண்டரில், லேபிளில், பிரிண்டில், எல்.சி. என்ற வங்கியின் பண உறுதிக் கடிதத்தில், பையர் ஆள் அனுப்பிக் கம்பெனியைச் சோதிக்கும் ஆடிட்டில். ஒரு ஊரின் மதமும் மொழியும் நியாய அநியாயமும் நம் மேஜைக்கு வரும்போது தேதியாகவும் எழுத்தளவாகவும் மில்லிகிராமாகவும்தான் வருகின்றன. அந்த வரிசையிலேயே பார்ப்போம்.

படி 1: மூன்று ஊர்க் காலண்டரை ஒரே தாளில் எழுதுங்கள்

பையரின் ஊர் ஒன்று, ஜிப்பும் பட்டனும் அனுப்புகிறவரின் ஊர் ஒன்று, நம் தொழிலாளிகளின் ஊர் ஒன்று. ஆர்டருக்குத் தேதி சொல்லும் முன்பே இந்த மூன்றின் விடுமுறைகளையும் குறித்துவிட வேண்டும்.

வளைகுடாவை எடுத்துக்கொள்வோம். அங்கே குழந்தைகள் உடைக்குப் பெரிய விற்பனை ரம்ஜான் பெருநாளுக்கு. ஹிஜ்ரி ஆண்டு ஆங்கில ஆண்டைவிடப் பத்துப் பதினோரு நாள் குறைவு என்பதால் நோன்பு வருஷா வருஷம் முன்னால் நகரும். சவூதியில் 2023ல் மார்ச் 23, 2024ல் மார்ச் 11, 2025ல் மார்ச் 1 என்று தொடங்கியது. 2030ல் ஜனவரியில் ஒரு முறை, டிசம்பரில் ஒரு முறை என்று இரண்டு தடவை வரும். போன வருஷத்து பி.ஓ.வை (ஆர்டர் தாளை) பார்த்து அதே ஷிப்மெண்ட் தேதியைப் போடுகிற மெர்ச்சண்டைசர் (ஆர்டரைக் கவனிக்கிறவர்) அந்தப் பத்து நாளை எடுத்த எடுப்பிலேயே தொலைக்கிறார். பெருநாள் முடிந்து கடைக்குப் போகும் சரக்குக்குத் தள்ளுபடி விலைதான். இன்னொன்றும் இருக்கிறது. பெருநாள் இப்போது கோடையை விட்டுக் குளிர்காலத்துப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. 2016ல் ஜூலையில் வந்த பெருநாளுக்கு அரைக்கையும் மெல்லிய சிங்கிள் ஜெர்சித் துணியும் எடுத்த பையர், இனி முழுக்கையும் தடித்த இண்டர்லாக் துணியும் கேட்பார். துணி புக் செய்யும்போதே இதை யோசித்தால் விலை பேசவும் வசதி.

நோன்பு மாதத்தில் அலுவலக நேரம் குறையும். லேப் டிப் (சாய மாதிரி), ஃபிட் சேம்பிள் (அளவு மாதிரி) ஒப்புதல் எல்லாம் மெதுவாக வரும். ஒப்புதல்களை நோன்புக்கு முன்பே வாங்கிவிடுங்கள். வார விடுமுறையும் நாட்டுக்கு நாடு வேறு. சவூதி 2013ல் வெள்ளி, சனிக்கு மாறியது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறு விடுமுறை, வெள்ளி அரை நாள் என்று வைத்திருக்கிறது. அதிலும் ஷார்ஜாவில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் லீவு. துபாய்க்கும் ரியாத்துக்கும் ஒரே மாதிரி ஃபாலோ-அப் மெயில் போடுகிறவர் ஒரு பக்கம் பதிலில்லாமல் உட்கார்ந்திருப்பார்.

மற்ற ஊர்கள் சுருக்கமாக: இத்தாலியில் ஆகஸ்ட் 15ஐ ஒட்டிப் பாதி நாடு கடை சாத்திவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடும். ஸ்வீடனில் ஜூலை அப்படி. ஜப்பானில் ஏப்ரல் கடைசி முதல் மே முதல் வாரம் வரை ஒன்று, ஆகஸ்ட் நடுவில் முன்னோர் வழிபாட்டு நாட்கள் ஒன்று, புத்தாண்டு ஒன்று. சீனப் புத்தாண்டுக்கு நம் பையர் யாரும் அங்கே இல்லாவிட்டாலும் ஜிப், லேஸ், பிளாஸ்டிக் பட்டன் அங்கிருந்து வந்தால் நமக்கும் அது விடுமுறைதான்.

நம் பக்கத்தை மறக்காதீர்கள். தீபாவளிக்கு போனஸ் வாங்கித் தேனிக்கும் மதுரைக்கும் போனவர்கள் முழுதாகத் திரும்பப் பத்து நாளாகிவிடும். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளிகள் தையல் லைனில் நிறைந்திருக்கும் கம்பெனிக்கு ஹோலியும் சட் பூஜையும் தீபாவளி அளவுக்கு முக்கியம். சட் பூஜை தீபாவளி முடிந்த ஆறாம் நாள். ஆக, நம்மவர் திரும்பும் நேரத்தில் அவர்கள் ஊரில் இருப்பார்கள். நவம்பர் ஷிப்மெண்டுக்குத் தேதி கொடுக்கும்போது இதைக் கணக்கில் எடுக்காத முதலாளிகள்தான் கடைசியில் சரக்கை விமானத்தில் அனுப்பி ஏர் ஃபிரைட் கட்டுகிறார்கள்.

படி 2: லேபிளை ஒரு சட்ட ஆவணமாகப் படியுங்கள்

லேபிள் என்பது தையலில் கடைசியில் வைக்கிற துண்டுத் துணிதான். ஆனால் அந்த நாட்டின் மொழிக் கொள்கை முழுவதும் அதில்தான் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1007/2011 விதிப்படி, எந்த நாட்டில் விற்கிறதோ அந்த நாட்டின் ஆட்சிமொழியில் நூலிழை விவரம் இருக்க வேண்டும். பத்து நாட்டில் கடை வைத்திருக்கும் பையரின் லேபிள் புத்தகம் மாதிரி மடித்து வருவது இதனால்தான். பிரான்ஸ் 1994லேயே நுகர்வோருக்கான விவரம் பிரெஞ்சில் இருந்தாக வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டது. கனடாவுக்கு ஆங்கிலமும் பிரெஞ்சும் இரண்டும் வேண்டும்.

லேபிள் வாசகத்தை இணைய மொழிபெயர்ப்பில் போட்டு நாமே தயாரிப்பதைவிட ஆபத்தான சிக்கனம் இல்லை. பையரிடமே வாசகத்தை எழுத்தில் வாங்குங்கள், அச்சடித்த பின் படம் எடுத்து அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து என்றால் இன்னும் கவனம். அரபு வாசகத்தைப் பழைய கணினி மென்பொருளில் ஒட்டினால் எழுத்துகள் தனித்தனியாகப் பிரிந்து, இடமிருந்து வலமாகத் திரும்பி நிற்கும். நமக்கு அது அழகான கோடுகள். படிக்கிறவருக்குக் குப்பை.

அதே ஐரோப்பிய விதியில் பலருக்குத் தெரியாத ஒரு பிரிவு உண்டு. உடையில் தோல் பட்டை, கொம்புப் பட்டன், சிப்பிப் பட்டன் போன்றவை இருந்தால், விலங்கிலிருந்து வந்த பாகம் இருக்கிறது என்று லேபிளில் சொல்லியாக வேண்டும். சைவ உணவுப் பழக்கத்தை உடை வரைக்கும் கொண்டுபோகிறவர்கள் ஐரோப்பாவில் கூடிக்கொண்டே வருவதால் பையர்கள் இதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கிறார்கள்.

துவைக்கும் குறியீடுகளையும் சரிபாருங்கள். ஜப்பான் நெடுங்காலம் தனக்கென்று ஒரு குறியீட்டு வரிசை வைத்திருந்தது. 2016 டிசம்பர் 1 முதல் சர்வதேச வடிவத்துக்கு மாறியது. பழைய ஃபைலிலிருந்து லேபிள் டிசைனை எடுத்துப் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

அப்புறம் எண்கள். ஜெர்மானியர் எழுதும் 1.250 என்பது ஆயிரத்து இருநூற்றைம்பது, ஒன்றேகால் கிடையாது. அமெரிக்கர் எழுதும் 03/04 மார்ச் நாலு, ஆங்கிலேயர் எழுதினால் ஏப்ரல் மூன்று. எந்த மெயிலிலும் மாதத்தை எழுத்தில் எழுதுவதை முதல் நாளிலிருந்தே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். நிறத்துக்குப் பெயர் வேண்டாம், பான்டோன் நிற அட்டையின் எண் போதும். சைஸுக்கும் 'எம்', 'எல்' போதாது, சென்டிமீட்டர் வேண்டும். ஜப்பானின் 'எல்' அமெரிக்காவின் 'எல்' ஆகாது.

படி 3: பிரிண்டை மதக் கண்ணோடும் ஒரு முறை பாருங்கள்

2004ல் லண்டனின் ஹாரட்ஸ் கடையில் இந்து தெய்வங்கள் அச்சிட்ட நீச்சலுடைகள் விற்பனைக்கு வந்து, எதிர்ப்புக்குப் பிறகு எடுக்கப்பட்டன. அந்தச் செய்தி நமக்கு ஏன் உறுத்தியது என்று விளக்க வேண்டியதில்லை. அந்த உறுத்தலைத்தான் மற்றவர்களின் இடத்தில் நின்று யோசிக்கச் சொல்கிறேன். 1997ல் நைக் நிறுவனத்தின் ஒரு ஷூவில் நெருப்பு மாதிரி எழுதப்பட்ட எழுத்து, அரபியில் 'அல்லாஹ்' என்று எழுதுவதுபோலத் தெரிந்தது. சுமார் 38,000 ஜோடிகளைத் திரும்ப எடுத்தார்கள். வடிவமைத்தவருக்கு அப்படி எண்ணமே இல்லை. எண்ணம் இல்லை என்பதற்காகச் சரக்கு விற்றுவிடாது.

திருப்பூரில் இது அதிகம் தலைகாட்டுவது உலகக் கோப்பை சமயத்தில். எல்லா நாட்டுக் கொடியும் போட்ட டீ-ஷர்ட் கேட்பார்கள். சவூதிக் கொடியில் இஸ்லாத்தின் நம்பிக்கை உறுதிமொழி எழுதப்பட்டிருக்கிறது. ஈராக், ஈரான் கொடிகளிலும் இறைவன் பெயர் உண்டு. 1994 உலகக் கோப்பையின்போது மெக்டொனால்ட்ஸ் சாப்பாட்டுப் பையில் சவூதிக் கொடியை அச்சிட்டு, கசக்கி எறியும் பையில் அந்த வாசகமா என்று எதிர்ப்பைச் சந்தித்தது. வியர்வைத் துணியில், அதுவும் உட்காரும் இடத்தில் அச்சிடும்போது அதே கேள்வி எழும். டிசைன் வந்தவுடன் பையரிடம் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். "டிசைன் பையருடையது, நமக்கென்ன" என்பார்கள் சிலர். சரக்கு துறைமுகத்தில் நின்றால் யார் பணம் நிற்கும் என்று அவர்களைக் கேளுங்கள்.

துபாய் பையர் என்றால் இன்னும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: சரக்கு எங்கே விற்கப் போகிறது? துபாய் மறு ஏற்றுமதிச் சந்தை. அங்கே இறங்கும் பெட்டி ஆப்பிரிக்காவுக்கோ ஈராக்குக்கோ போகலாம். துபாய்க் கடையில் ஓடுகிற பிரிண்ட் அங்கே ஓடாது.

மதம் இழைக்குள்ளேயும் போகும். யூதச் சமயச் சட்டம் கம்பளியையும் லினனையும் ஒரே உடையில் சேர்க்கக் கூடாது என்கிறது. இதைச் சோதித்துச் சொல்லவே தனி ஆய்வகங்கள் இஸ்ரேலிலும் நியூயார்க்கிலும் உண்டு. நம் ஊரில் பெரும்பாலும் பருத்தி என்பதால் கவலை குறைவு. ஆனாலும் லினன் கலந்த துணிக்குக் கம்பளி டேப் வைத்துத் தைக்கும் முன் யாருக்குப் போகிறது என்று பாருங்கள்.

படி 4: பணத்தையும் கெட்ட செய்தியையும் அவரவர் முறைப்படி கையாளுங்கள்

பணம் தாமதமானால் வட்டி என்று நம் ஒப்பந்தங்களில் ஒரு வரி போடுவது வழக்கம். சவூதி நீதிமன்றங்கள் வட்டி கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளிப்பதில்லை. வட்டி அங்கே மார்க்க விரோதம். அந்த வரியை நம்பிக் கடன் கொடுக்காதீர்கள். முன்பணம், எல்.சி., இல்லையென்றால் பையர் பணம் தராவிட்டால் கைகொடுக்கும் ஈ.சி.ஜி.சி. ஏற்றுமதிக் காப்பீடு என்று பாதுகாப்பை முன்னாலேயே வைத்துக்கொள்ளுங்கள். அமீரகத்தில் வணிகக் கடனுக்கு வட்டியைச் சட்டம் ஏற்கிறது. "அரபு நாடு" என்று ஒரே கட்டாகக் கட்டினால் இப்படித்தான் தப்பாகும்.

எல்.சி.யில் வங்கி சரக்கைப் பார்க்காது, காகிதத்தை மட்டுமே பார்க்கும். அரபுப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுத நாலைந்து வழி இருக்கிறது. எல்.சி.யில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்துக்கு எழுத்து இன்வாய்ஸிலும் கப்பல் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கிலும் வர வேண்டும். நம் ஊர்ப் பெயரையே ஆங்கிலத்தில் ஒரு 'பி' போட்டும் இரண்டு 'பி' போட்டும் எழுதுகிறோம். எல்.சி.யிலேயே பிழையாக இருந்தால் நீங்களாகத் திருத்தாமல் திருத்தம் கேட்டு வாங்குங்கள்.

கெட்ட செய்தி சொல்வது நமக்கு வராத கலை. டையிங்கில் (சாயமேற்றுவதில்) கேட்ட ஷேடு வரவில்லை என்று தெரிந்த பிறகும் "நாளைக்கு அனுப்புகிறோம்" என்று நாலு நாள் ஓட்டுவோம். எதிரில் இருப்பவர் மனம் நோகக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான் அதற்குக் காரணம். ஜெர்மன், டச்சு பையர்களுக்கு இது பொய்யாகத் தெரியும். அவர்கள் "இது மோசம்" என்று முகத்துக்கு நேரே எழுதுவார்கள். அது கோபமில்லை, தகவல். தாமதத்தை முதல் நாளே, புதுத் தேதியோடு சொன்னால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

ஜப்பானியர் அப்படி எழுத மாட்டார்கள். முகத்துக்கு நேரே மறுக்காமல், யோசித்துச் சொல்கிறோம் என்று மெதுவாகப் பின்வாங்குவார்கள். சின்ன ஆர்டர், மறுபடி சின்ன ஆர்டர் என்று நெடுநாள் சோதிப்பார்கள். இந்தியா-ஜப்பான் வர்த்தக ஒப்பந்தம் 2011 ஆகஸ்டில் அமலுக்கு வந்து ஆயத்த ஆடைகளுக்கு வரி நீங்கிய பிறகும் அந்தச் சந்தை நமக்குச் சுலபமாகத் திறக்காததற்கு இந்தப் பொறுமைச் சோதனையும் ஒரு காரணம். குறை வந்தால் அவர்களுக்கு மன்னிப்போ தள்ளுபடியோ போதாது. ஏன் நடந்தது, இனி எப்படித் தடுப்பீர்கள் என்று எழுத்தில் கேட்பார்கள். ஒவ்வொரு பீஸும் ஊசி கண்டறியும் இயந்திரத்தில் போய்வர வேண்டும். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்துப் பதிவேட்டில் ஒட்ட வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை உடையில் ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனம் 16 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 16 பங்கு) தாண்டக் கூடாது. பக்கத்தில் இருக்கும் வேறு துணியிலிருந்தே அது ஒட்டிக்கொள்ளும் என்பதால் தனி அறை, மூடிய பாலிபேக்.

படி 5: ஆடிட்டுக்கு முன் உங்கள் கம்பெனியை நீங்களே ஆடிட் செய்யுங்கள்

பெரிய சிக்கல்கள் எல்லாம் இங்கேதான். இங்கே ஊரில் வழக்கமாக இருப்பது, அங்கே குற்றமாகத் தெரியும். சுமங்கலித் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். நூற்பாலையில் மூன்று வருஷம் வேலை பார்த்தால் கடைசியில் கல்யாணத்துக்கு ஒரு தொகை. பல குடும்பங்கள் அதைச் சீர்வரிசைச் சேமிப்பாகப் பார்த்தன. நடுவில் நின்றால் தொகை போய்விடும், விடுதியை விட்டு வெளியே போக முடியாது என்ற பக்கத்தை நெதர்லாந்து அமைப்புகள் 2011ல் அறிக்கையாக வெளியிட்டபோது ஐரோப்பாவில் அது கொத்தடிமை முறை என்று படிக்கப்பட்டது. என் கருத்தில் அப்படிப் படித்தது சரிதான். தையல் கம்பெனிக்கும் ஆலைக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை. நூல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அப்போது பிடித்துக்கொண்டது, இன்னும் விடவில்லை. ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023ல் அமலுக்கு வந்தபின் அதே கேள்வி படிவமாக வருகிறது. அமெரிக்கா 2022 ஜூன் முதல் சீனாவின் சின்ஜியாங் பருத்தி கலந்த சரக்கைத் தடுத்து நிறுத்துகிறது. ஆகவே, நூல் பில் முதல் பெட்டி வரை ஒரே லாட் (சரக்குத் தொகுதி) எண் தொடர்கிற மாதிரி ஃபைல் வையுங்கள்.

வேலை நேரம்தான் எல்லோரும் தடுக்கி விழும் இடம். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை 8.30 முதல் இரவு 8.30. சாப்பாடு, டீ நேரம் போக பத்தரை மணி நேரம் என்று வையுங்கள். ஆறு நாளுக்கு 63 மணி. பெரும்பாலான பையர்களின் நெறிமுறை ஓவர்டைம் சேர்த்து வாரம் 60 மணி, ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு என்கிறது. நம் சட்டத்தில் வழக்கமான வேலை வாரம் 48 மணி, அதற்கு மேல் இரட்டைச் சம்பளம். அதாவது ஊர் வழக்கப்படி நடந்தாலே மீறல்.

இதற்கு இரண்டு பதிவேடு வைப்பதுதான் தீர்வு என்று உங்களுக்கு யோசனை சொல்ல ஆள் வருவார்கள். கேட்காதீர்கள். ஆடிட்டர் வருகைப் பதிவேட்டை மட்டும் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை தேதி போட்ட உடைந்த ஊசிப் பதிவு, ஜெனரேட்டர் டீசல் கணக்கு, லைன் உற்பத்தி அறிக்கை, தனியாகக் கூப்பிட்டுப் பேசும் தொழிலாளி என்று நாலு பக்கமும் ஒப்பிடுவார். நேரம் கூடியிருக்கிறது என்று உண்மையைக் காட்டினால் திருத்தத் திட்டமும் கெடுவும் கிடைக்கும். போலிக் கணக்கு பிடிபட்டால் பையரே போய்விடலாம்.

வெளி யூனிட்டில் தைக்கக் கொடுக்கும் ஜாப் ஒர்க்கையும் மறைக்காதீர்கள். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் டாக்காவுக்கு அருகே தையல் கம்பெனிகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கட்டடத்திலிருந்த வங்கி ஆட்களை வெளியேற்றியது, தையல் தொழிலாளிகளை வேலைக்கு வரச் சொன்னார்கள். இடிபாட்டில் கிடைத்த லேபிள்களை வைத்துத்தான் சில பிராண்டுகள் அங்கே தைக்கப்பட்டன என்றே வெளியில் தெரிந்தது. அதிலிருந்து, சொல்லாமல் வெளியே கொடுக்கும் வேலையைப் பையர்கள் மன்னிப்பதில்லை. அவசரத்துக்குப் பக்கத்து யூனிட்டில் தைக்க வேண்டுமா, பெயரையும் முகவரியையும் எழுதி முதலில் அனுமதி வாங்குங்கள்.

சாயத்தில் நம் ஊர் பட்டது போதும். 1994ல் ஜெர்மனி சில அசோ சாயங்களைத் தடை செய்தது. இன்று ஐரோப்பா முழுவதும் அவற்றிலிருந்து வெளிவரும் நச்சு அமீன் கிலோவுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நொய்யல் ஆறு கெட்டுப்போய், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை வெளியே விடாத முறைக்கு ஊர் மாறியது. அதற்கான செலவு டையிங் ரேட்டில் இருக்கிறது. அதைவிடப் பாதி ரேட்டுக்கு ஒருவர் சாயம் போட்டுத் தருகிறார் என்றால் மிச்சம் எந்த வாய்க்காலில் போகிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். ஆர்கானிக் பருத்திக்கும் இதே எச்சரிக்கை. 2020ல் இந்தியாவில் சுமார் 20,000 டன் பருத்திக்குப் போலிச் சான்று போடப்பட்டதை ஆர்கானிக் துணிகளுக்குத் தர விதி வகுக்கும் காட்ஸ் அமைப்பு வெளிக்கொண்டு வந்தது. சான்றிதழ் எண்ணை வழங்கிய நிறுவனத்திடமே சரிபாருங்கள்.

அன்பளிப்பு விஷயம் சங்கடமானது. தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுப்பது நமக்கு மரியாதை. அதனோடு வெள்ளிக் குத்துவிளக்கு சேர்ந்து பையரின் தரச் சோதனையாளர் வீட்டுக்குப் போனால் அது லஞ்சம். பிரிட்டனின் 2010 லஞ்சச் சட்டம் வேலை சீக்கிரம் முடிக்கக் கொடுக்கும் சில்லறைப் பணத்தையும் விட்டுவைக்கவில்லை; தன் பெயரில் வேலை செய்பவர் கொடுத்தாலும் கம்பெனி பதில் சொல்ல வேண்டும். ஸ்வீட்டை அலுவலகத்துக்கு, எல்லோருக்கும் பொதுவாக அனுப்புங்கள். திரும்பி வந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மிஞ்சிய பீஸ்களைத் திருப்பூரின் உள்ளூர் உடைச் சந்தையான காதர்பேட்டையில் தள்ளும் முன் ஒப்பந்தத்தைப் பாருங்கள். பல பையர்கள் பிராண்டு லேபிளை வெட்டிய பிறகே விற்க விடுவார்கள், சிலர் விற்கவே விட மாட்டார்கள்.

படி 6: நேரில் சந்திக்கும்போது

விசிட்டிங் கார்டை ஜப்பானியரிடம் இரண்டு கையால் கொடுத்து, வாங்கியதை மேஜையில் வைத்துவிட்டுப் பேசுங்கள். பாக்கெட்டில் சொருக வேண்டாம். எதிர்பாலினத்தவரிடம் நீங்களாகக் கை நீட்டாதீர்கள், அவர் நீட்டினால் குலுக்குங்கள். முஸ்லிம்கள், பழமைவாத யூதர்கள் பலர் குலுக்க மாட்டார்கள். கும்பிடு எங்கேயும் தப்பாகாது. சாப்பாட்டுக்கு அழைத்தால் என்ன சாப்பிடுவார் என்று முந்தைய நாளே கேட்டுவிடுங்கள். சவூதி பையரோடு முதல் அரை மணி குடும்பம், பயணம் என்று போனால் போகட்டும், விலையை அவர் எடுக்கட்டும். ஜெர்மானியரிடம் பத்து மணி என்றால் பத்து மணி.

ராகு காலம் பார்த்துக் கண்டெய்னர் கிளப்புகிறவர்கள் நம்மில் நிறைய. தாராளமாகப் பாருங்கள், ஆனால் துறைமுகத்தின் கடைசி நேரத்தை முதலில் பாருங்கள்.

பேசி முடித்த அன்றிரவே பேசியதையெல்லாம் மெயிலில் எழுதி அனுப்புங்கள்: ஸ்டைல் எண், அளவு, விலை, பான்டோன் எண், மாதத்தை எழுத்தில் போட்ட தேதி, யார் எதை எப்போது அனுப்ப வேண்டும். பையர் "சரி" என்று பதில் எழுதிய பிறகு நூல் வாங்குங்கள்.